வெயிலும் வெண்ணெயும்

கத்திரி தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் குணமே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் 'இது ஏன் கெட்டுப்போனது' என்று கேட்பவர்கள், மே மாதத்தில் 'இதைச் செய்து பார்க்கலாமா' என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, மாங்காய் மலிவு, மொட்டைமாடி சும்மா கிடக்கிறது. இந்த இதழுக்கு அடுப்பும் மாடியும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

கேள்வி: மகளின் ஆசைக்காக ஓ.டி.ஜி. வாங்கினோம். டிசம்பரில் மெத்தென்று வந்த அதே வெண்ணெய் கேக், அதே அளவில் செய்தும், இப்போது அடியில் எண்ணெய்க் கோட்டோடு களியாக வருகிறது. பேக்கிங் பவுடர் புதிது. அடுப்பில் கோளாறா?
– வாசகி, மதுரை

பதில்: அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு வெண்ணெயில் இருக்கிறது. கேக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அறை குளிர்நாட்டு அறை. 18, 20 டிகிரி. மதுரையில் மே மாதச் சமையலறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். வெண்ணெய் முழுதாக உருகுவதே 32-லிருந்து 35 டிகிரிக்குள்தான். வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குளித்து வருவதற்குள் கிண்ணத்தில் இருப்பது வெண்ணெயாக இருக்காது.

உருகினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது இனிப்பு கலப்பதற்காக மட்டும் அல்ல. சர்க்கரைப் பரல்கள் கெட்டி வெண்ணெயைக் கீறிக் கீறிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களை உள்ளே அடைக்கின்றன. மஞ்சளாக இருந்த கலவை வெளுத்து, அளவில் பெருகுவது அதனால்தான். அடுப்புக்குள் போனதும் பேக்கிங் பவுடர் விடும் வாயு இந்தக் குமிழ்களைத்தான் ஊதிப் பெரிதாக்கும். புதுக் குமிழ் எதையும் அது உண்டாக்காது. வெண்ணெய் எண்ணெயாகிவிட்டால் காற்று தங்க இடமில்லை. அப்புறம் பவுடரை இரட்டிப்பாகப் போட்டாலும் கசப்புதான் மிஞ்சும்.

இதற்கு வழி எளிது. விடிகாலை ஐந்தரைக்கு, சமையலறை சூடேறுமுன், ஃப்ரிட்ஜிலிருந்து வெண்ணெயை எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து விரலால் அழுத்துங்கள். குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுமினுக்கக் கூடாது. ஐஸ்கட்டி பரப்பிய தட்டின் மேல் கிண்ணத்தை வைத்து அடியுங்கள். சர்க்கரையை நைஸாகப் பொடிக்க வேண்டாம். மிக்ஸியில் ஒரு சுற்று போதும். பரல் இருந்தால்தான் கீறும்.

ஆனால் என்னைக் கேட்டால், மே மாதத்தில் வெண்ணெய் கேக்கோடு மல்லுக்கட்டவே வேண்டாம். எண்ணெயும் தயிரும் போட்டுச் செய்யும் கேக்குக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. புளித்த தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், கரையும்வரை கலக்குங்கள். ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். தயிரின் புளிப்பில் சோடா பொங்கி நுரைத்துக்கொண்டு மேலே வரும். உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய கட்டம் இதுதான். பிறகு மணமில்லாத எண்ணெய் அரை கப், வெனிலா கொஞ்சம், சலித்த மைதா ஒன்றரை கப், இரண்டு மூன்று தவணையாக. கட்டி இல்லாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பராகும். 180 டிகிரியில் 35-லிருந்து 40 நிமிடம். தயிரில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பங்கனப்பள்ளிப் பழக்கூழ் சேர்த்தால் அது கோடைக் கேக். நார் உள்ள பழம் வேண்டாம். பழம் தித்தித்தால் சர்க்கரையில் இரண்டு ஸ்பூன் குறையுங்கள்.

இன்னொன்று. தெரு முழுக்க ஏ.சி. ஓடும் இரவு நேரத்தில் கேக் வைக்காதீர்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190 வந்தால், அடுப்புச் சுருளின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடுப்பு சூடேறவே நேரமாகும், கேக் நடுவில் உட்காரும். ஓ.டி.ஜி.யை டி.வி. பிளக்கோடு சேர்த்து நீட்டிப்புப் பெட்டியில் செருகுவதும் ஆகாது. 16 ஆம்பியர் பிளக்கில் நேராகக் கொடுங்கள். அடுப்பே இல்லாத வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வெறும் குக்கரை மணிக்கணக்கில் சூடாக்குவதைவிட, அடிகனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வைத்து, தட்டால் மூடிச் சிறுதீயில் வேகவைப்பது நல்லது. குக்கருக்கும் ஆயுள் கூடும்.

கேள்வி: வீட்டிலேயே பன் செய்கிறேன். குறிப்பில் ஒன்றரை மணி நேரம் ஊறவிடச் சொன்னார்கள். முக்கால் மணியிலேயே மாவு பொங்கி, பிறகு அமுங்கி, கள் வாடை அடிக்கிறது.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மூக்கு சரியாகவே சொல்கிறது. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் விடுகிறது. வெக்கையில் வேகம் இரட்டிப்பாகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆனதும் விரலால் குத்துங்கள். குழி மெதுவாகப் பாதி நிரம்பினால் பதம். நிரம்பாமல் அப்படியே நின்று மாவும் தளர்ந்தால் தாண்டிவிட்டது. ஈஸ்ட்டைப் பாதியாக்குங்கள், ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள். மத்தியானம் மாடி டேங்க் தண்ணீரைக் குழாயில் பிடித்துப் பிசைகிறவர்கள் உண்டு. அது டீத்தண்ணீருக்குத்தான் ஆகும். இன்னும் நல்ல வழி, இரவில் பிசைந்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் உருட்டுவது. மெதுவாகப் பொங்கிய மாவுக்கு ருசியும் அதிகம். திறந்த ஈஸ்ட் பாக்கெட்டை அலமாரியில் வைக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி: மேல்மாடி வீடு. பகலைவிட இரவு ஒன்பது மணிக்குத்தான் வெந்து சாகிறோம். ஃபேன் போட்டால் அனல். தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் குளிரும் என்கிறார்கள். நானே அடிக்கலாமா, அல்லது கடையில் விற்கும் கூலிங் பெயின்ட் வாங்குவதா?
– வாசகர், வேலூர்

பதில்: நீங்களே அடிக்கலாம். வேலூர் வெயிலுக்கு அடிக்காமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

கான்கிரீட் தளம் வாங்கிய வெயிலை அப்போதைக்கப்போது கீழே விடுவதில்லை. நாள் முழுக்க மேலே வாங்கி, மெதுவாக அடிப்பக்கத்துக்குக் கடத்தி, பொழுது சாய்ந்த பிறகு அறைக்குள் இறக்குகிறது. உங்கள் ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. சாயங்காலம் மாடியில் இருபது குடம் தண்ணீர் கொட்டுவது நோய் முற்றிய பிறகு பார்க்கும் வைத்தியம், தண்ணீருக்கும் கேடு. காலையிலேயே வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். சாம்பல் நிற சிமென்ட் தளம் மேலே விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கிறது. புதிதாக வெள்ளை அடித்த தளம் முக்கால் பங்கு வரை திருப்பிவிடும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும் கனமாகப் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து அடித்து இறுக்கினார்கள். அந்தக் கனமே பாதிக் காவல். நம்முடைய நாலைந்து அங்குல கான்கிரீட்டுக்கு நிறம்தான் துணை.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வாங்குங்கள், வெள்ளை தூக்கலாக இருக்கும். நீற்றாத சுண்ணாம்பு என்றால் கவனம். தண்ணீரில் போட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், தகர டின்னே சரி. டின்னில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைகள் மாடிப் பக்கமே வரக்கூடாது. ஓர் இரவு ஊறியதும் துணியில் வடிகட்டி, கெட்டி அரிசிக் கஞ்சியோ கொஞ்சம் ஃபெவிகாலோ சேருங்கள். அது இல்லாவிட்டால் காய்ந்தபின் நடக்கிறவர் உள்ளங்காலில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் இறங்கிவிடும். உப்புப் போடச் சொல்லும் பழைய முறையை விட்டுவிடுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பு ஆகாது.

பாசியையும் தூசியையும் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். சுண்ணாம்பு ஒழுக்கை நிறுத்தாது. வெயில் இறங்கிய பிறகு தளத்தை ஈரப்படுத்தி, மோர் பதத்தில் முதல் பூச்சு. காய்ந்த சூட்டுத் தளத்தில் அடித்தால் தண்ணீரைத் தளம் உறிஞ்சிக்கொண்டு சுண்ணாம்பு பொடியாக உதிரும். மறுநாள் விடிகாலை குறுக்குவாட்டில் இரண்டாவது, சாயங்காலம் மூன்றாவது. மாடிப்படி வாசலிலிருந்து எதிர்மூலைக்குப் போய் அங்கிருந்து ஆரம்பியுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று, வாளியோடு மூலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையலாம். ஏ.சி. குளிர் வராது, ஆனால் ஒன்பது மணிக்குத் தூக்கம் வரும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தோடு சரி. கூலிங் பெயின்ட் சில வருடம் நிற்கும், விலையும் அதற்கேற்ப. சொந்த வீடானால் பெயின்ட், வாடகை வீடானால் சுண்ணாம்பு என்பது என் கட்சி. எதுவானாலும் தூசி படிந்தால் பலன் போய்விடும், மாதம் ஒருமுறை கூட்டுங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் மாடித் தண்ணீரும் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும். முதல் மழையைத் தெருப்பக்கம் திருப்பிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்காரர்கள் மட்டும் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம்.

கேள்வி: ஜவ்வரிசி வடாம் போட்டேன். பொரித்தால் நடுவில் கல்லாக நிற்கிறது, உப்பும் கரிக்கிறது. மாமியார் காலத்தில் இப்படி ஆனதே இல்லை என்று வீட்டில் பேச்சு.
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் காலத்தில் ஆகியிருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கூழை வாயில் வைத்துப் பார்த்து உப்பு சரியாக இருக்கிறது என்று நினைத்தால் அதுவே தப்பு. தண்ணீர் முழுக்க வற்றுகிறது, உப்பு அப்படியே தங்குகிறது. கூழில் உப்பு போதாததுபோல் தெரிந்தால்தான் வடாமில் சரியாக இருக்கும். பச்சை மிளகாயும் அப்படியே.

நடுவில் கல் நிற்பதற்குக் காரணம் இரண்டு. ஜவ்வரிசி சரியாக வேகவில்லை, அல்லது வடாம் உள்ளே காயவில்லை. முந்தின இரவே ஊறப்போட்டு, நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாகும்வரை கிளறுங்கள். எலுமிச்சம்பழத்தை இறக்கியபின் பிழியுங்கள். காலை ஏழு மணிக்குள் இட்டு முடித்தால் சாயங்காலத்துக்குள் மேல்தோல் கட்டிவிடும். பிளாஸ்டிக் தாளில் இட்டால் தானே உரிந்து வரும்; வேட்டியில் இட்டவர்கள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். உரித்ததைத் தாம்பாளத்தில் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு மூன்று வெயில். ஒடித்தால் வளையாமல் 'படக்' என்று முறிய வேண்டும். டப்பாவில் போடுமுன் ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். எண்ணெய் சூடு பற்றாவிட்டால் நன்கு காய்ந்த வடாமும் பொரியாது, புகையும் எண்ணெயில் போட்டால் சிவந்துவிடும். முதல் நாளே மேகம் மூடினால் பதறாமல் உள்ளே எடுத்து ஃபேனுக்கடியில் விரியுங்கள்.

காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்தால் போதும். காவலுக்குப் பிள்ளைகளை உட்கார வைத்தால், இரண்டாம் நாள் அரைக்காய்ச்சலில் மேலே மொறுப்பும் உள்ளே கூழுமாக இருக்கும் வடாமில் பாதி காணாமல் போகும். அதையும் கணக்கில் சேர்த்துக் கால் கிலோ கூடுதலாகவே ஊறப்போடுங்கள்.

கேள்வி: புது மண்பானை வாங்கினேன். தண்ணீர் குளிரவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பானையின் மேல் பெயின்டோ வார்னிஷோ அடித்திருந்தால், ஆமாம். மண்ணின் நுண்துளை வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே சூடு இறங்குகிறது. துளையை அடைத்தால் அது வெறும் பாத்திரம். பெயின்ட் இல்லையென்றால் பழி உங்கள் ஊர்க் காற்றின் மேல். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, பானையின் ஈரத்துக்குப் போக இடமில்லை. அதே பானை திருச்சியில் நன்றாகக் குளிரும். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கதைதான். காற்று ஓடும் சன்னலோரம், ஈரமணல் மேல் வையுங்கள், கொஞ்சமாவது பலன் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். உப்புத்தண்ணீர் ஊருக்கு ஒரு பானை ஒரு கோடைதான். துளைகளில் உப்புப் படிந்துவிடும்.

கேள்வி: பத்து வயது மகன். நாள் முழுக்க செல்போன். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். எனக்குச் சமையல் தெரியாது.
– வாசகர், திருப்பூர்

பதில்: நெய் பிஸ்கட். மைதா ஒரு கப், பொடித்த சர்க்கரை அரை கப், நெய் அரை கப், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். இதில் நீங்கள் கெடுப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: நெய். வெயிலில் உருகிய நெய்யை ஊற்றினால் பிஸ்கட் தட்டு முழுக்கப் பரவி அப்பளமாகிவிடும். ஃப்ரிட்ஜில் அரை உறைவாக்கிச் சேருங்கள். உருட்டி லேசாக அமுக்கி, பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, 150, 160 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் மொறுமொறுக்கும். ஆறும்வரை பையனைப் பிடித்து வைப்பது உங்கள் பொறுப்பு, தட்டை அடுப்பிலிருந்து எடுப்பதும் உங்கள் பொறுப்பு.

அந்த இடைவேளையில் சொட்டுகிற குழாய் ஒன்றைச் சரிசெய்யுங்கள், எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். வால்வை அடைத்து, குழாயில் மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, தலையைக் கழற்றி, தேய்ந்த வாஷரைப் பையன் கையில் கொடுத்து ஹார்டுவேர் கடைக்கு அனுப்புங்கள். 'இதே மாதிரி ஒன்று' என்று அவனே கேட்டு வாங்கி வரட்டும். கால் திருப்பில் திறக்கும் புது மாடல் குழாய் என்றால் உள்ளே வாஷருக்குப் பதில் பீங்கான் தகடு வைத்த உருளை இருக்கும். அதையும் அப்படியே கழற்றி மாற்றலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் குளியலறைக் கதவு உப்பி மூட மறுக்கிறது. இப்போது சரியாக இருக்கிறது. மழைக்கு முன்பே இழைத்துவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இழைக்காதீர்கள். இழைத்தால் அடுத்த கோடையில் விரல் போகிற இடைவெளி நிற்கும். கதவைக் கழற்றி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். பெயின்ட் அடித்தவர் முன்னும் பின்னும் மினுக்கிவிட்டு அந்த இரண்டையும் வெறும் மரமாக விட்டிருப்பார். ஈரம் ஏறும் வழி அதுதான். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் இந்த மாதத்திலேயே அங்கே இரண்டு கை பெயின்ட் அடித்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு ஜூனிலேயே மழை வந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மாவடு ஜாடியில் மேலே வெள்ளைப் படலம். கொட்டிவிடவா?
– வாசகி, சேலம்

பதில்: மெல்லிய ஆடை மட்டும் என்றால் எடுத்தெறிந்துவிட்டு, வடு தண்ணீருக்குள் முங்கும்படி பாருங்கள். பஞ்சு பூத்து, பச்சையோ கறுப்போ தெரிந்தால் மொத்தமும் கொட்ட வேண்டியதுதான். ஒரு படி வடுவுக்கு அரைக்கால் படி கல்லுப்பு என்ற கணக்கில் கை குறைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் யாரோ ஈரக் கரண்டி விட்டிருப்பார்கள். யார் என்று விசாரிக்க வேண்டாம்.

கேள்வி: ஊட்டி வர்க்கியை வீட்டு அடுப்பில் செய்ய முடியுமா? இந்த விடுமுறையில் எப்படியும் செய்து காட்டுவதாகச் சபதம் போட்டுவிட்டேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது, சும்மா கொடுத்துவிடவில்லை. மாவு மடிப்புகளுக்கு நடுவே கொழுப்பு கெட்டியாக நின்றால்தான் அடுக்கு பிரியும். மலைக்குளிரில் அது நிற்கிறது, விறகடுப்பின் நிதானமான சூடு அதை மொறுப்பாக்குகிறது. மே மாதக் கோவையில் நீங்கள் இரண்டாவது மடிப்பு மடிப்பதற்குள் டால்டா மேடையில் வழியும். சபதத்தை டிசம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு மேட்டுப்பாளையம் வழியாக மேலே போகிற உறவினர் யாராவது இருப்பார்கள், அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லுங்கள்.